உனக்கும் எனக்கும் என்ன முறை?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. ஒரே கேள்விதான். பிட் அடிக்கலாம், தப்பில்லை.

சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். எதிரே வருகிற இருபது வயசுப் பையன் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்கிறான். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

இருபது வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருப்பார்கள். ஓடிப்போய்த் தூக்குவோம். ஒருத்தர் சோடா வாங்க ஓடுவார். இன்னொருத்தர் 'காத்து விடுங்கப்பா, காத்து விடுங்க' என்று சொல்லிக்கொண்டே காற்றை மறைத்து நிற்பார். வலிப்போ என்னவோ என்று ஒரு பெரியவர் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்துப் பையன் கையில் திணிப்பார். டாக்டரைக் கேட்டால் முக்கால்வாசி தப்பு என்பார். இருக்கட்டும். எல்லோரும் ஏதோ ஒன்று செய்திருப்போம் இல்லையா?

இன்றைக்கு? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். முதலில் சுற்றுமுற்றும் பார்ப்பீர்கள். சுண்டல் வண்டிக்குப் பின்னால், நிறுத்தியிருக்கிற ஆட்டோவுக்குள், ராட்டினத்துக்கு அந்தப் பக்கம்... கேமரா எங்கே என்று.

பிராங்க் என்கிற சமாசாரம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிற பாடம் இதுதான். இந்த வாரம் அதைத்தான் திட்டப் போகிறேன். 'விளையாட்டைப் போய் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறீங்களே' என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பி ராசிபலனுக்குப் போய்விடலாம். கோபமில்லை.

முதலில், பார்க்காத புண்ணியவான்களுக்காக ஒரு அறிமுகம். ஒரு பையன். அவன் சட்டைக்குள் மைக். தூரத்தில் கேமராவோடு அவனுடைய கூட்டாளி. பையன் நேராகப் போய், ரோட்டோரம் இட்லி விற்கிற அம்மாவிடம் நாலு இட்லி தின்றுவிட்டு 'காசா? எதுக்குக் காசு?' என்பான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணிடம் 'என்னம்மா, வீட்ல எல்லாரும் தேடிட்டிருக்காங்க, நீ இங்க நிக்கறே' என்று உரிமையோடு அதட்டுவான். பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளிலேயே தூங்குவான். அவர்கள் பதறுவார்கள், திட்டுவார்கள், சில சமயம் அழுதேவிடுவார்கள். உடனே பையன் பல்லெல்லாம் காட்டி அந்த மந்திரத்தைச் சொல்வான்: 'அக்கா, கூல், கூல்... இது பிராங்க்! கேமரா அங்க இருக்கு பாருங்க. ஒரு ஹாய் சொல்லுங்க!'

அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாய் சொல்வாள். பின்னணியில் ஒரு 'டொய்ங்' சத்தம். முடிந்தது. லட்சம் பேர் பார்ப்பார்கள்.

இதில் இன்னொரு வகை இருக்கிறது. அது இன்னும் மோசம். கருணை பிராங்க். முதலில் ஒரு ஏழைப் பெரியவரைக் கண்டபடி பேசி நோகடிப்பது. அவர் கூனிக் குறுகி நிற்கும்போது பையிலிருந்து ஐநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்துக் காலில் விழுவது. அதற்குச் சோகமாக ஒரு வயலின். உதவி செய்ய வேண்டுமென்றால் நேரடியாகவே செய்துவிட்டுப் போகலாமே ராசா? நடுவில் எதற்கு அந்த மனுஷனை அழ வைத்துப் படம் பிடிக்கிறாய்? அழுகை இல்லாவிட்டால் வயலினுக்கு வேலை இல்லை. அதனால்தான்.

கிண்டலும் கேலியும் நமக்குப் புதுசா? ஊருக்கு ஒரு பிராண்டே வைத்திருக்கிற ஜாதி நாம். கோயமுத்தூருக்குக் குசும்பு, மதுரைக்கு லந்து, திருநெல்வேலிக்கு நக்கல், மெட்ராஸுக்குக் கலாய்ப்பு. எதற்கும் கேமரா தேவைப்பட்டதில்லை. அதைவிட முக்கியம், யார் யாரைச் சீண்டலாம் என்பதற்கு நம்மிடம் எழுதாத சட்டமே இருந்தது.

கோயில் திருவிழா முடிகிற அன்று மஞ்சள் நீராட்டு பார்த்திருப்பீர்கள். மாமன் முறை, மச்சான் முறை உள்ளவன் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணி கொட்டும். வெள்ளை வேட்டியோடு ஒளிந்து ஒளிந்து ஓடுவான், துரத்திப் பிடித்து ஊற்றுவார்கள். ஆனால் பங்காளி முறை உள்ளவன் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவி விளக்குமாற்றோடு எழுந்து வந்துவிடும். நடுவே வெளியூர்க்காரன் ஒருத்தன் சைக்கிளில் வந்தால் குடத்தை இறக்கி வைத்து வழி விடுவார்கள். 'அவரு யாரோ எவரோ, முறை தெரியாம ஊத்தக் கூடாது.'

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நீ என் மேல் ஊற்றினால், அடுத்த திருவிழாவில் நான் உன் மேல் ஊற்றுவேன். உன் பெயர் எனக்குத் தெரியும், வீடும் தெரியும். விளையாட்டு என்றால் பந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரே பக்கம் போனால் அது விளையாட்டு இல்லை, கல்லெறிதல்.

ஏப்ரல் 1-ம் தேதிக்கும் இதே சட்டம்தான். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, 'ஏ.எஃப்.' என்று இடவலம் மாற்றிச் செதுக்கி, இங்க்கில் தோய்த்து, முன் பெஞ்சுக்காரன் முதுகில் ஒரு குத்து. அவன் பேனாவை உதறி உங்கள் சட்டையில் திருப்பித் தருவான். சாயங்காலம் இரண்டு அம்மாக்களும் ரின் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் சமமாக மொத்துவார்கள். என்ன ஒரு நீதி பரிபாலனம்!

இந்தக் கேமரா வியாபாரத்தின் ஊற்றுக்கண் அமெரிக்கா. ஆலன் ஃபண்ட் என்பவர் 1947-ல் மைக்கை ஒளித்து வைத்து ரேடியோவில் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே டி.வி.க்குப் போய், பிறகு 'கேண்டிட் கேமரா' என்று உலகப் புகழ் பெற்றார். நம் ஊருக்கு இதை ஃபேஷனாக்கியது எம்.டி.வி. சைரஸ் புரோச்சா நடத்திய அந்த நிகழ்ச்சிக்குப் பெயர் 'பக்ரா'. இந்தியில் ஆடு என்று அர்த்தம். குறைந்தபட்சம் அவர்களிடம் நேர்மை இருந்தது, மாட்டுகிறவன் பலியாடு என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நம் பையன்கள் ஆட்டை 'ப்ரோ' என்று கூப்பிட்டு அறுக்கிறார்கள்.

ஆலன் ஃபண்ட் வாழ்க்கையில் ஒரு சம்பவம். 1969 பிப்ரவரி 3-ம் தேதி, நியூயார்க் பக்கத்து நெவார்க்கிலிருந்து மயாமிக்குக் குடும்பத்தோடு விமானத்தில் போகிறார். நடுவானில் விமானத்தைக் கடத்திவிட்டார்கள். நிஜக் கடத்தல், கியூபாவுக்கு! ஆனால் பயணிகளில் சிலர் ஃபண்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். 'ஓ, இது உங்க வேலைதானா!' என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில் கேமராவைத் தேடியிருக்கிறது ஜனம். விமானம் ஹவானாவில் போய் இறங்கியபோதுதான் சிரிப்பு அடங்கியது. நல்லவேளை, எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள்.

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் நம் புலி வருது கதையில் புலியை நம்பாமல் போனவர்கள் ஊர்க்காரர்கள், ஆடுகளை இழந்தவன் பையன். இங்கே பொய் சொன்னவர் ஒருத்தர், மாட்டிக்கொண்டது விமானம் முழுக்க. பெசன்ட் நகர் மணலில் விழுந்து கிடக்கிற பையன் கதையும் அதுதான்.

ஏமாற்றுவதில் நல்ல ரகமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 1957 ஏப்ரல் 1-ம் தேதி பி.பி.சி. 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் ஸ்பகெட்டி அமோக விளைச்சல் என்று ஒரு செய்திப் படம் காட்டினார்கள். மரத்திலிருந்து நூடுல்ஸ் மாதிரித் தொங்குவதைப் பெண்கள் பறித்துக் கூடையில் போடுகிறார்கள். வர்ணனை செய்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி, அந்த நாட்டின் மிக மரியாதைக்குரிய குரல். ஸ்பகெட்டியை அதிகம் பார்த்திராத ஜனங்கள் போன் போட்டு, 'எங்க தோட்டத்துல வளர்க்க என்ன செய்யணும்?' என்று கேட்டார்கள். ஒரு குச்சி ஸ்பகெட்டியைத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டு வைத்துவிட்டு நம்பிக்கையோடு இருங்கள் என்று பதில் போயிற்று.

இதில் யார் கண்ணிலாவது தண்ணீர் வந்ததா? தெருவில் தனியாக நிறுத்தி யாரையாவது அவமானப்படுத்தினார்களா? பி.பி.சி. பணயம் வைத்தது தன்னுடைய மானத்தை. நாடே சேர்ந்து பல்பு வாங்கியது. எல்லோரும் பல்பு வாங்கினால் அது தீபாவளி. ஒருத்தர் மட்டும் வாங்கினால் அது அவமானம்.

நம் பிராங்க் பையன்கள் யார் மானத்தைப் பணயம் வைக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். இளநீர்க்காரர், வாட்ச்மேன், உணவு டெலிவரி செய்கிற தம்பி, பூக்காரம்மா, தனியாக நடந்து போகிற பெண், காது கேட்காத தாத்தா. ஆயிரம் வீடியோ போட்ட மகாவீரன் எவனாவது வட்டச் செயலாளர் தோளில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறானா? இன்ஸ்பெக்டரின் டீயை எடுத்துக் குடித்திருக்கிறானா? செய்யச் சொல்லுங்கள், நான் நூறு முறை லைக் போடுகிறேன். தெனாலிராமன் ராஜாவின் சபையில் நின்று ராஜாவையே கிண்டல் செய்தான். தலை போனாலும் போகும் என்று தெரிந்து செய்தான். அதனால்தான் இத்தனை வருஷமாகக் கதையாக நிற்கிறான். இட்லி விற்கிற பாட்டியிடம் வாலாட்டியிருந்தால் ஊரே சேர்ந்து துரத்தியிருக்கும்.

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

'அவங்களே கடைசியில சிரிக்கிறாங்களே சார்!' சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எதிரே கேமரா. சுற்றிலும் நாலு பையன்கள் கைதட்டுகிறார்கள். சிரித்தால் 'ஸ்போர்ட்டிவ்.' முறைத்தால் 'இந்த அம்மாவுக்குச் சென்ஸ் ஆஃப் ஹியூமர் இல்லை.' செருப்பைக் கழற்றினால் அதற்குத் தனி வீடியோ, தனித் தலைப்பு, இரண்டு மடங்கு பார்வை. எந்தப் பக்கம் போனாலும் பையனுக்கு லாபம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று கணக்கெழுதுவது, மொட்டை அடித்து முடித்துவிட்டு 'அடிக்கலாமாண்ணே?' என்று கேட்கிற மாதிரி.

'எல்லாமே செட்டப் சார், அவங்களும் நடிக்கிறவங்கதான்.' இது அடுத்த வாதம். இருக்கலாம், பல வீடியோக்களில் 'அதிர்ச்சி அடையும் அக்கா' போன வாரம் வேறு வீடியோவில் 'அதிர்ச்சி அடையும் அண்ணி'யாக வந்து போகிறார். ஆனால் பார்க்கிற பத்தாம் கிளாஸ் பையனுக்கு அது தெரியாதே! அவன் நிஜமென்று நினைத்து நிஜமாகவே ஒரு பாட்டியிடம் போய்ச் செய்வான். அவனுடைய பாட்டி நடிகை இல்லை.

'யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லையே?' இதற்கு மட்டும் கொஞ்சம் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

2012 டிசம்பர் 4-ம் தேதி விடிகாலை. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. இளவரசர் வில்லியமின் மனைவி கேட் அங்கே அட்மிட் ஆகியிருந்தார். ஆஸ்திரேலிய ரேடியோ ஒன்றின் அறிவிப்பாளர்கள் இரண்டு பேர் போன் போட்டு, தாங்கள்தான் எலிசபெத் ராணி, தாங்கள்தான் சார்லஸ் என்று குரல் மாற்றிப் பேசினார்கள். அந்த நேரத்தில் ரிசப்ஷனில் ஆள் இல்லை. போனை எடுத்தது ஒரு நர்ஸ். கர்நாடகக் கடலோரத்திலிருந்து பிழைக்கப் போனவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. ராணி என்றதும் மரியாதையாக வார்டுக்கு லைனைக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த உரையாடல் ஒலிபரப்பானது, உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாவது நாள் அந்த நர்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

ஒருத்தர் உயிரை விடுவதற்கு ஒரே ஒரு காரணம் என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன். அது சரியும் இல்லை. போன் செய்தவர்களும் அப்படி ஆகட்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: எதிர்முனையில் போனை எடுப்பது யார், அன்றைக்கு அவர் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று பிராங்க் செய்கிறவனுக்குத் தெரியாது. மச்சானாக இருந்தால் தெரிந்திருக்கும். முறை என்று நம் ஆட்கள் ஒன்றை வைத்தது சும்மா இல்லை. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதி வாங்காமல் ஒலிபரப்பியது தப்பு என்று அந்த நாட்டு ஒலிபரப்பு ஆணையம் முடிவுக்கு வந்தது. ரேடியோக்காரர்கள் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு சொன்னது.

நம் ஊரில் சட்டம் இல்லையா? 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். யூடியூப் நிறுவனம் 2019 ஜனவரியில், ஆபத்தான பிராங்குகளும் குழந்தைகளை மனசளவில் வதைக்கிற பிராங்குகளும் கூடாது என்று விதியைத் தெளிவாக்கியது. 2022 செப்டம்பரில் கோவை மாநகரப் போலீஸ், பொது இடத்தில் பிராங்க் வீடியோ எடுத்துத் தொல்லை கொடுத்தால் நடவடிக்கை என்று எச்சரித்தது. குசும்புக்கே தலைநகரான ஊர்ப் போலீஸ் 'போதும்டா சாமி' என்கிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இளநீர்க்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாரா? போனால் அன்றைய வியாபாரம் போயிற்று. அவரிடம் அந்த சேனலின் பெயர்கூட இருக்காது. அவருடைய அவமானம் அவருடைய பேத்தியின் போனில், பள்ளிக்கூட வாசலில் ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரக் காசு பையனுக்கு வரும். இவருக்கு வந்தது ஒரு 'தேங்ஸ்ணா.'

எனக்குப் பெரிய கவலை இதைவிட வேறு. அறிமுகமில்லாத மனுஷன் மேல் நமக்கு இருக்கிற நம்பிக்கை ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. ரோட்டில் 'சார், ஒரு நிமிஷம்' என்று ஒருத்தர் கூப்பிட்டால் நாம் நிற்பது அந்தத் தண்ணியைக் குடித்து வளர்ந்ததால்தான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குப் போலீஸ், கோர்ட் என்று அலைச்சல் வரக்கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார்கள். 2021 அக்டோபரில் மத்திய அரசு, அப்படி உயிர் காப்பாற்றுகிறவருக்கு 5,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தது. தெரியாதவனுக்கு உதவுங்கள் ஐயா என்று அரசாங்கம் காசு கொடுத்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. நம் தம்பிகள் அதே ரோட்டில் பொய்யாக மயங்கி விழுந்து, உதவ வந்தவரைப் பார்த்து 'ஹாய் சொல்லுங்க' என்கிறார்கள். அந்த மனுஷன் அடுத்த முறை நிற்பாரா? நிற்காமல் போகிற அந்த ஒரு முறை விழுந்தது நிஜமாகவே நம் அப்பாவாக இருந்தால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2000-களில் எஃப்.எம். ரேடியோக்களில் போன் பிராங்க் கேட்டிருப்பீர்கள். 'ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன், உங்க பேர்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு' என்று ஆரம்பிக்கும். எதிர்முனையில் ஒருத்தர் வியர்த்து வழிவதைக் கேட்டு நாம் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சிரித்தோம். அதிலாவது நம்பரைக் கொடுத்தவன் அவருடைய சிநேகிதன். ஒரு முறை இருந்தது. இன்றைக்கு அதே வசனம்தான், அதே குரல்தான், யாரோ எவனோ வீடியோ காலில் யூனிஃபார்மோடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ரிட்டயர் ஆனவர்களின் பி.எஃப். பணத்தை வழித்துக்கொண்டு போகிறான். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் சொல்ல வேண்டி வந்தது. மோசடிக்காரன் பிராங்க்கைப் பார்த்துத்தான் தொழில் கற்றான் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் கை வைப்பது ஒரே இடத்தில்: அதிகாரக் குரலைக் கேட்டால் கை கால் உதறுகிற நம் பயத்தில்.

சரி, எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டுமா? வேண்டாம் சாமி. தடை என்றால் முதலில் கார்ட்டூனிஸ்டைத்தான் பிடித்துப் போவார்கள். மூன்றே மூன்று நிபந்தனை போதும்.

ஒன்று, சம்மதத்தை அந்த இடத்திலேயே கேட்கக் கூடாது. மறுநாள் கேமரா இல்லாமல் போய், வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டி, 'போடலாமா?' என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். இரண்டு, அந்த வீடியோவில் வருகிற காசில் சரிபாதி அவருக்கு. படத்தின் ஹீரோவே அவர்தானே! மூன்று, நாலு வீடியோவுக்கு ஒரு வீடியோவாவது உன்னைவிடப் பெரிய ஆளிடம் செய்ய வேண்டும். கவுன்சிலர், பில்டர், உன் காலேஜ் கரெஸ்பாண்டென்ட், யாரானாலும் சரி. இந்த மூன்றாவது ஒன்றைப் போட்டாலே பாதி சேனல் தானாக மூடிவிடும்.

இதையெல்லாம் யாரும் சட்டமாக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். அதனால் உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், 'செம காமெடி' என்று குடும்ப குரூப்புக்கு அனுப்பாதீர்கள். நடுத்தெருவில் உங்களிடமே ஒருத்தன் வந்து மாட்டினால், கேமராவைப் பார்த்துக் கையாட்டாதீர்கள், சிரிக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். திட்டினால் அதையும் விற்றுவிடுவான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, நிதானமாக, மைக்கில் நன்றாகப் பதிகிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'தம்பி, உனக்கும் எனக்கும் என்ன முறை?'

பதில் வரும்வரை நகராதீர்கள்.